தூங்கும் கால்

மார்ச் 11, திங்கள்

மத்தியானம் துணி மடிக்கும்போது இலக்கியா கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. கல்வராயன் மலைப் பள்ளியில் நான் வேலை பார்த்த காலம். மூன்றாம் வகுப்பு. பாடத்தின் நடுவில் கை தூக்கிக் கேட்டாள்.

"டீச்சர், ஒங்க எடது காலு தூங்கினே இருக்குதே, எப்ப எழுந்துக்கும்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "லீவு மணி அடிச்சா எழுந்துக்கும், நீ வாய்ப்பாட்டச் சொல்லு" என்றேன். சாயங்காலம் மணி அடித்தது. எல்லாரும் ஓடினார்கள். அவள் மட்டும் கதவுக்குப் பக்கத்தில் நின்று என் புடவைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை நம்பிவிட்டிருக்கிறாள். நான் காலை இழுத்துக்கொண்டு நடந்ததும் அந்த முகம் போன போக்கு இருக்கிறதே!

ஏன் இன்றைக்கு இது? வலது கால்தான் காரணம் என்று நினைக்கிறேன். கொஞ்ச நாளாகவே அது கனக்கிறது. நல்ல கால் என்று சொல்லிச் சொல்லியே பழகிய கால். மூன்று படி ஏறினால் தொடை நடுங்குகிறது. இவரிடம் சொன்னேன். முப்பது வருடம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவருக்கு எல்லாமே பஸ்தான். "ரெண்டு டயர் ஓட வேண்டிய வண்டிய ஒரே டயர்ல ஓட்டினா, அதுவும் ஒரு நாளைக்கு இன்னா ஆவும்?" என்றார். சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்குப் பின்னால் கரும்பு வெட்டு ஆரம்பித்துவிட்டது. மலையிலிருந்து வந்த கூட்டம் தார்ப்பாய்க் கொட்டகை போட்டிருக்கிறது. கச்சிராயபாளையம் முழுக்கக் காய்ந்த கரும்புச் சோகை எரியும் வாசனை.

மார்ச் 13, புதன்

தண்ணீர் பிடிக்க வரும் பெண்ணின் பெயர் கலையரசி. அவள் மகள் ஷாலினிக்கு இரண்டரை வயது. என் குழாயைத் திறந்துவிட்டு ஓடுவதுதான் அவளுக்கு வேலை. இன்று துரத்தினேன். பிடிக்க முடியவில்லை. அவளுக்குச் சந்தோஷம்.

மார்ச் 17, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

காலையில் கலையரசி குடத்தோடு வந்தாள். ஷாலினி முன்னால் ஓடிவரவில்லை. இடுப்பில் இருந்தாள்.

"இன்னா, மகாராணிக்கு இன்னைக்குப் பல்லக்கா?" என்றேன்.

"காய்ச்சல் டீச்சர். ரெண்டு நாளா நெருப்பாட்டம். நேத்து சாயந்திரம் ஒருத்தர்கிட்ட ஊசி போட்டுக்கினு வந்தோம். காய்ச்சல் கம்மியாயிடுச்சு. ஆனா காலையிலருந்து நிக்க மாட்டேங்குறா. காலு தூங்குது போல."

தூங்குது போல.

அப்போதுதான் பார்த்தேன். ஒரு கால் அம்மாவின் இடுப்பைக் கவ்விக்கொண்டிருந்தது. இன்னொன்று தொங்கியது. காற்று நின்றுபோன நேரத்தில் கொடியில் ஈரத்துணி தொங்குமே, அப்படி. இடது கால். என்னுடையதும் இடதுதான்.

குழந்தையைப் பாயில் உட்கார வைக்கச் சொன்னேன். வலது உள்ளங்காலில் விரலால் ஒரு கோடு இழுத்தேன். காய்ச்சலிலும் கிளுக்கென்று சிரித்துக் காலை இழுத்துக்கொண்டாள். இடது உள்ளங்காலில் இழுத்தேன். கால் அசையவில்லை. சிரிக்கவும் இல்லை. யாரோ வேறு ஒருவருடைய காலை நான் தொடுவதுபோலப் பார்த்தாள்.

மனசு "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று அடித்துக்கொண்டது. எங்கிருந்து வரும்? இந்தியாவில் போலியோ இல்லை என்று அறிவித்துப் பத்து வருடம் ஆகிறது. வேறு நாடுகளில் இன்னும் இருக்கிறது, மறுபடி உள்ளே வரக்கூடாது என்பதற்காகத்தான் வருடா வருடம் சொட்டு போடுகிறார்கள். நானே எத்தனை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அடுப்பை அணைத்தாலும் சாம்பலைக் கிளறிப் பார்க்கிற மாதிரி என்று.

"இந்த மாசம் சொட்டு மருந்து போட்டீங்களா?"

"போட்டாச்சு டீச்சர், இதோ மை பாருங்க."

சுண்டுவிரல் நகத்தில் கறுப்பு மை இருந்தது. ஆனால் அது வலது கை.

சொட்டு போட்டால் இடது கைச் சுண்டுவிரலில்தான் மை வைப்பார்கள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் குழாயைப் பார்த்தாள். குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

நர்ஸ் விஜயலட்சுமிக்குப் போன் செய்தேன். என்னிடம் படித்தவள் இல்லை, ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். "கால் துவண்டிருக்கும்மா" என்றதும், எந்தக் கால், எப்போதிலிருந்து என்று கேட்டாள். பிறகு, "கால உருவ விடாதீங்க, வேற ஊசி போட விடாதீங்க, நாளைக்குக் காலையில டாக்டரோட வர்றேன்" என்றாள்.

மார்ச் 18, திங்கள்

ஜீப் வந்தது. வெட்டிய கரும்புக் கட்டைகளுக்கு நடுவில் டாக்டர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குழந்தையின் இரண்டு கால்களையும் தூக்கி மெதுவாக விட்டுப் பார்த்தார். சின்ன சுத்தியலால் முழங்காலில் தட்டினார், கணுக்காலில் தட்டினார். காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது, ஊசி எந்தப் பக்கம் போட்டது, கால் எப்போதிலிருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஊசி போட்டது இடது பக்கம்.

"இதுவரைக்கும் எத்தனை தடவை சொட்டு போட்டிருக்கீங்க?"

கலையரசி அழ ஆரம்பித்துவிட்டாள்.

"பொறந்தப்ப ஒரு தடவ, சார். அப்புறம் வெட்டு, வெட்டுன்னு ஊர் ஊரா போய்க்கினு இருந்தோம். இந்த மாசம் ஞாயித்துக்கெழம டிராக்டர்ல வந்துக்கினு இருந்தோம். ரோட்ல சொட்டு போடறவங்க நிறுத்திப்பாங்க, எறக்கி ஏத்துனா வெட்டுக்கு நேரமாயிடும்னு… மேஸ்திரி லோடு சீட்டுல எழுதுற மார்க்கர குடுத்தாரு. நாங்க எல்லாருமே புள்ளைங்களுக்கு வெச்சிட்டோம். மை பாத்துட்டு அவங்க கைகாட்டி அனுப்பிட்டாங்க."

மேஸ்திரி கொளஞ்சியப்பன் துண்டை உதறிக்கொண்டு முன்னால் வந்தார். "நான் இன்னா விஷத்தையா வெச்சேன்? மைதானே சார்!"

டாக்டர் திட்டவில்லை. மற்றப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொன்னார். வரிசையாகச் சின்னச் சின்னக் கைகள். எல்லாம் வலது. சோத்துக்கை என்று மேஸ்திரிதான் சொன்னாராம்.

இது போலியோவாக இருக்க வேண்டும் என்று இல்லை, ஊசி நரம்பில் பட்டிருக்கலாம், வேறு நோயாகவும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஆனால் ஒரு பிள்ளையின் கை கால் திடீரென்று துவண்டால், இல்லை என்று தெரியும்வரை போலியோவைத் தேடித்தான் ஆக வேண்டும். அந்தக் கிருமி மலத்தில் வெளியே வரும். அதனால் இருபத்துநாலு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை மலம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். இரண்டும் எடுத்த கையோடு குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் சொன்னார்.

குழந்தையின் அப்பா வேடியப்பன் அதுவரை வாய் திறக்காமல் நின்றிருந்தான். "எம் பொண்ணு பீய மெட்ராசுக்கு அனுப்பறீங்களா? இன்னா சார், சீர்வரிசையா?" என்றான். சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

இன்று நிறைய எழுத வேண்டும்.

விஜயலட்சுமி காலையிலேயே மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் டப்பாவோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். ஷாலினி போகவே இல்லை. வாழைப்பழம் கொடுத்தோம். வெந்நீர் கொடுத்தோம். டப்பாவைப் பார்த்தாலே அழுதாள். இவர் வந்து எட்டிப் பார்த்து, "கவலப்படாதீங்க, ஏறினவங்க எறங்கித்தானே ஆவணும்" என்றார். கலையரசிக்கு இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்தோ என்னவோ, அப்போதே ஆயிற்று. விஜயலட்சுமி தங்கம் கிடைத்ததுபோல மூடியைத் திருகினாள்.

மத்தியானம் வீட்டுக்குப் பின்னால் வயலில் வெட்டு முடிந்துவிட்டது. விடிந்தால் கூட்டம் ரிஷிவந்தியம் பக்கம் போகிறது. அதற்கும் முன்னால் வேடியப்பன் தயாராகிவிட்டான்.

"மலையில எங்க மாமன் ஒருத்தரு எலும்புக்குக் கட்டு கட்டுவாரு. எண்ண போட்டு உருவினா நின்னுடுவா. மொத பஸ்ஸுக்குப் போயிட்றோம்."

விஜயலட்சுமி கெஞ்சினாள். "அண்ணா, இன்னொரு தடவ எடுத்தாதாண்ணா முடிவு சொல்ல முடியும். இப்ப உருவுனா காலுக்குத்தான் கேடு. நாளைக்கு ஒரே ஒரு நாளு."

அவன் கத்திவிட்டான். "ஒங்க கணக்குக்கு ஒங்களுக்குப் பீ வேணும். எங்களுக்குக் காலு வேணும்!"

விஜயலட்சுமி என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்வேன்? அவன் கேட்டதில் தப்பில்லை. ஆய்வகத்தின் முடிவு குழந்தையின் காலை நிமிர்த்தாது. அது வேறு குழந்தைகளுக்கானது. ஆனால் ஆஸ்பத்திரி? அது ஷாலினிக்கானதுதானே. மலை ஏறினால் இரண்டும் போய்விடும்.

நான் பேசத்தான் வாய் திறந்தேன். முப்பத்தைந்து வருடம் பேசிப் பிழைத்தவள். ஒரு உதாரணம் கூட வரவில்லை.

என்ன நினைத்தேன் என்று தெரியவில்லை. கரும்புக் கட்டின் மேல் உட்கார்ந்தேன். புடவையை முழங்காலுக்கு மேலே தூக்கினேன்.

அத்தனை பேருக்கு முன்னால். மேஸ்திரி, ஆம்பளைங்க, பிள்ளைங்க எல்லாரும் நிக்கறாங்க. கட்டிக்கிட்டவருக்கே வெளிச்சத்துல காட்டாத காலு. பாவாடையும் புடவையும் தரையில புரள உடுத்திக்கிட்டு, மழையில சேறு ஆனாலும் தூக்காம, அறுபது வருஷம் மூடி வெச்ச காலு. என் மணிக்கட்டு அளவுதான் கெண்டைக்கால்.

"தொடுப்பா" என்றேன்.

வேடியப்பன் ஓரடி பின்னால் போனான். கலையரசிதான் குனிந்து தொட்டாள். தொட்ட கையை உடனே எடுத்துவிட்டாள்.

"சில்லுன்னு இருக்குது, டீச்சர்."

"எப்பவும் அப்படித்தான். எனக்கும் காய்ச்சல்தான் வந்துது. எனக்கும் ஊசிதான் போட்டாங்க. அப்புறம் ஒரு மாசம் எண்ண போட்டு உருவினாங்க. உருவினவரு கெட்டவரு இல்ல, அழுதுக்கினே உருவினாரு. அப்ப எனக்கு வந்துது இன்னான்னு யாருமே கேக்கல. எங்க வூட்ல ரெண்டு புள்ளைங்க. ஒண்ணுக்குக் காலு போச்சு. இன்னொண்ணு…"

மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஷாலினி கையை நீட்டி என் முழங்காலைத் தட்டிப் பார்த்தாள். டாக்டர் தட்டினதுபோல.

மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வேடி, நீ இருடா. ஒரு கத்தி கம்மியானா கரும்பு எழுந்து ஓடிடாது."

மார்ச் 20, புதன்

இரண்டாவது டப்பாவும் போய்விட்டது. கலையரசியையும் குழந்தையையும் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வேடியப்பன் துணைக்கு இருக்கிறான். வார்டுக்கு வெளியே விட்ட பிள்ளைகள்போல அவன் கண்கள் எங்கும் நிற்கவில்லை. வராந்தாவில் நான் நடப்பதைப் பார்த்த டாக்டர், "அம்மா, நீங்களும் ஒரு நாள் வாங்க" என்றார். எதற்கு என்று கேட்கவில்லை.

மார்ச் 21, வியாழன்

கூட்டம் போய்விட்டது. கொட்டகை இருந்த இடத்தில் கரிந்த கல் மட்டும் இருக்கிறது. வீடு அமைதியாக இருக்கிறது. இந்த மாதிரி வெயில் நேரத்தில்தான் அவன் வருவான்.

தீனதயாளன். என் தம்பி. தீனா என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். எனக்கு நான்கு வயது, அவனுக்கு இரண்டு. இருவருக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல். எனக்குக் காலோடு நின்றது. அவனுக்குத் தொண்டையில் ஏறிவிட்டது. தண்ணீர் கொடுத்தால் மூக்கு வழியாக வந்தது. குரல் மாறிப்போயிற்று. மூக்கால் பேசினான். "அக்கா தண்ணி" என்பான், மூடிய பானைக்குள்ளிருந்து கூப்பிடுவதுபோல இருக்கும். கள்ளக்குறிச்சிக்கு மாட்டு வண்டியில் கொண்டுபோனார்கள். பாதி வழியில் வண்டியைத் திருப்பிவிட்டார்கள்.

அம்மன் கோபம் என்றார்கள். வெயிலில் விளையாடியதால் என்றார்கள். அம்மா மட்டும் ஊசியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். சாகும்வரை, உட்கார்ந்திருக்கும்போதுகூட இடது இடுப்பைக் கையால் அணைத்தபடிதான் உட்காருவாள். என்னை அந்த இடுப்பில் வைத்துத்தான் ஊசிக்குத் தூக்கிப்போனாள். அம்மா சொன்னதும் பாதி சரிதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் கிருமி உடம்பில் இருக்கும்போது ஊசி போட்டால், ஊசி போட்ட காலிலேயே வாதம் இறங்க வாய்ப்பு அதிகம். ஊசி நோயைக் கொண்டுவரவில்லை. வழி காட்டிவிட்டது, அவ்வளவுதான். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

கிருமி யார் வழியாக வந்தது? இந்த ஒரு கேள்விதான் என்னை விடமாட்டேன் என்கிறது. இருநூறு பிள்ளைகளுக்குத் தொற்றினால் ஒரு பிள்ளைக்குத்தான் கால் போகும். மற்றவர்களுக்குச் சளி, வயிற்றுப்போக்கு, அல்லது ஒன்றுமே இல்லை. ஆனால் கழுவாத கையாலும் ஓடைத் தண்ணீராலும் அவர்கள் எல்லாரும் பரப்பிக்கொண்டிருப்பார்கள். வகுப்பில் ஒருவன் முகம் தெரியாமல் சீட்டி அடிக்கிறான், மாட்டிக்கொண்டு அடி வாங்குபவன் வேறு ஒருவன் — அந்த மாதிரி. அந்த வாரம் எங்களோடு விளையாடிய பெரியப்பா மகள் பெரியநாயகிக்குத் தும்மல்கூட வரவில்லை. அவளாக இருக்கலாம். நானாக இருக்கலாம். தீனாவேகூட. ஒரே சொம்பில்தான் குடித்தோம்.

அந்தச் சொட்டு மருந்து எங்கள் ஊருக்கு வந்தபோது எனக்கு இருபது வயது தாண்டிவிட்டது.

குழாயில் காற்று அடைத்துச் சத்தம் வந்தது. அக்கா தண்ணி. எழுந்துபோய் மூடிவிட்டு வந்தேன்.

மார்ச் 23, சனி

ஷாலினிக்குக் காய்ச்சல் இல்லை. கால் அப்படியேதான்.

மார்ச் 26, செவ்வாய்

கேட்டவுடனே மனசு லேசானது. ரிஷிவந்தியம் பக்கம் கரும்புக்காட்டுக்கே போய், கூட்டத்துப் பிள்ளைகளுக்கும் சுற்றியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொட்டு போட்டிருக்கிறார்கள். விஜயலட்சுமி போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். மேஸ்திரி ஒவ்வொரு பிள்ளையின் கையையும் தானே பிடித்து நீட்டினாராம். "எடது கை! எடது கை! ஏய், அது சோத்துக்கைடா, நான்தான் புத்தி கெட்டுச் சொன்னேன்." கூட்டத்து ஆட்கள் வாய்க்கால் ஓரமாகவே வெளிக்கு ஒதுங்கி, அதே வாய்க்காலில் பாத்திரம் கழுவுவதைப் பார்த்து, ஒரு டிரம்மும் சோப்பும் வாங்கி வைக்க அவரிடம் சொல்லிவிட்டு வந்தாளாம். "சோப்ப யாராவது தூக்கினு போயிட்டா?" என்று கேட்டாராம். "கயிறு கட்டித் தொங்க விடுங்க, மாட்டயே கட்டத் தெரியுது இல்ல?" என்றாளாம்.

விட்டுப்போன தடுப்பூசிகளையும் போடச் சொல்லிவிட்டார்கள். சொட்டு மட்டும் போதாது, அதற்கென்று ஊசியும் உண்டு. சரியான ஊசியைச் சரியான நேரத்தில் போட்டிருந்தால், தப்பான நேரத்து ஊசி கிருமிக்கு வழி காட்டாது.

ஏப்ரல் 3, புதன்

இன்னும் முடிவு வரவில்லை.

தெருவில் எந்தப் பிள்ளை ஓடினாலும் இரண்டு காலடியும் ஒரே மாதிரி கேட்கிறதா என்று காதை வைக்கிறேன். தேர்தல் வண்டி ஒலிபெருக்கியோடு போகிறது. அது போன பிறகும் காலடிகளை எண்ணுகிறேன். இவர் டி.வி.யை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறார். "செல்வி, ஒருத்தரு மேல ஒருத்தர ஏத்தாத. அந்தக் கொழந்த வேற, நீ வேற" என்றார்.

செந்தமிழ்ச்செல்வி என்ற என் பெயரை இவர் பாதியாகச் சொன்னால், விளையாட்டு இல்லை என்று அர்த்தம்.

எனக்கு உள்ளே ஒரு சின்ன நம்பிக்கை இருக்கிறது. எழுதினால் போய்விடுமோ என்று பயம். இருந்தாலும் எழுதுகிறேன். என் காலில் கூச்சம் உண்டு. கிள்ளினால் வலிக்கும், எறும்பு ஏறினால் தெரியும். போலியோ அசைவைத்தான் எடுக்கும், உணர்ச்சியை விட்டுவிடும். ஷாலினிக்கு அந்தக் காலில் கூசவே இல்லையே. அப்படியானால் அது வேறாக இருக்கலாம் இல்லையா? இருக்கலாம். ஒரு காலை வைத்து இன்னொரு காலைக் கண்டுபிடிக்க நான் யார்?

ஏப்ரல் 8, திங்கள்

இல்லை.

போலியோ இல்லை. இரண்டு மாதிரியிலும் இல்லை. ஊசி நரம்பில் பட்டதுதான் என்கிறார்கள். காலுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், மாதங்கள் ஆகும், ஆனால் வரும் என்கிறார்கள்.

வேடியப்பன் போனில், "டீச்சர், அது இல்லையாம் டீச்சர், அது இல்லையாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். போலியோ என்ற பெயரை அவன் வாயால் சொல்லவே இல்லை.

போனை வைத்த பிறகு ஏனோ அழுகை வந்தது. சந்தோஷம்தான். ஆனால் சந்தோஷம் மட்டும் இல்லை. அது இங்கே வரவில்லை. அப்படியானால் இந்தக் கச்சிராயபாளையத்தில் அது இருக்கும் இடம் என் கால் மட்டும்தான்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டுவிட்டு வந்தோம். இவர் மை வைத்த விரலை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இடது கைதான், டீச்சரம்மா, செக் பண்ணிக்கோ" என்றார்.

செக் பண்ணினேன்.

ஏப்ரல் 25, வியாழன்

வலது காலைக் காட்டப் போனேன். வேறு ஒரு டாக்டர், சின்ன வயசுப் பெண். எல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு, இது பழைய போலியோவின் மிச்சம் என்றார். கிருமி எல்லாம் போய் அறுபது வருடம் ஆகிவிட்டது. ஆனால் அன்று செத்துப்போன நரம்புகளின் வேலையையும் சேர்த்து, தப்பித்த நரம்புகள் இத்தனை நாள் செய்துகொண்டிருந்தன. இப்போது அவை களைத்துவிட்டன. நல்ல கால் என்று நான் நம்பியதிலும் அன்றைக்கே கொஞ்சம் சேதம் ஆகியிருக்கிறது, எனக்குத் தெரியாமலே.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஈராசிரியர் பள்ளி. ஒருவர் மாறுதலில் போய்விட்டார். வேறு ஆள் போடவில்லை. இருந்த ஒருவரே அஞ்சு வகுப்பையும் பார்த்தார், லீவு எடுக்காமல். எல்லாம் நன்றாகத்தான் நடக்கிறது என்று வெளியில் எல்லாரும் நினைத்தார்கள். டாக்டரிடம் சொன்னேன். "சூப்பர் உதாரணம்மா, நானும் சொல்லிக்கலாமா?" என்றார்.

அதிகம் நடக்கக்கூடாது. களைப்பதற்கு முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும். ஊன்றுகோல் வேண்டும். இவர் வாசலிலேயே காத்திருந்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, வண்டியைக் கிளப்பும்வரை ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

மே 9, வியாழன்

வெயில். குழாய் பேசவில்லை. தீனா வரவில்லை. வந்தால் நல்லது என்று தோன்றியதை எழுதக்கூடாதோ?

மே 16, வியாழன்

கால் துவண்ட பிள்ளைகளை இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று விதி. அதற்காகக் கலையரசியும் வேடியப்பனும் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்தார்கள். வெட்டு முடிந்து ஊர் திரும்பிவிட்டார்களாம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷாலினியை நடக்க விட்டுப் பார்த்தாராம். நடக்கிறாள். இடது பாதம் கொஞ்சம் பட்டென்று விழுகிறது. ஆனால் தூக்குகிறாள். பெருவிரலை மேலே நிமிர்த்திக் காட்டு என்றதும் ஆளை மயக்குவதுபோல நிமிர்த்திக் காட்டினாளாம். பயிற்சியை விடாதீர்கள், இன்னும் சரியாகும் என்றாராம்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் வீட்டுக்கு வந்தார்கள். நான் நாற்காலியில், புது ஊன்றுகோல் பக்கத்தில். "வாங்க வாங்க, மலை பஸ்ஸுக்கு இங்கதான் டெர்மினஸ்" என்றார் இவர். வேடியப்பன் ஒரு பை நிறையக் கடுக்காய் கொண்டுவந்து வைத்தான். என் முகத்தைப் பார்த்தான், என் காலைப் பார்க்கவில்லை.

ஷாலினி நேராகக் குழாயிடம் போனாள். திறந்துவிட்டாள். ஓடினாள் — பட், தட், பட், தட். ஒரே மாதிரி இல்லாத காலடி. இப்படி ஒரு சத்தத்தைக் கேட்டு நான் சிரிப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பிறகு வந்து என் காலடியில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் தினமும் அவளுக்குச் செய்ததை எனக்குச் செய்தாள். புடவைக் கரையைத் தானே ஒதுக்கி, என் இடது உள்ளங்காலில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். கூசியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தைப் பார்த்தாள். அது அசையவில்லை. இன்னொரு கோடு இழுத்தாள். காத்திருந்தாள்.

"தூங்குதாம்மா?" என்று கலையரசி கேட்டாள், குரலே இல்லாமல்.

ஷாலினி மறுபடி இழுத்தாள்.

பஸ் ஹாரன் கேட்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. நானும் புடவையைக் கீழே இழுத்துவிடவில்லை.

இந்த நோட்டை யாராவது எப்போதாவது பிரித்தால், இதை மட்டும் செய்யுங்கள். வீட்டில் தூங்கும் குழந்தை இருந்தால், அதன் உள்ளங்காலில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். இரண்டு காலிலும்.